யாழைத் தேடி ஒரு சனிக்கிழமை

சிலப்பதிகாரம் பற்றிய அரை மணி நேர வானொலி நிகழ்ச்சி அது. கடற்கரையில் மாதவி யாழைச் சரிபார்த்துக் கோவலன் கையில் கொடுக்கும் இடம் வந்தது. இசைத் துண்டு ஒன்றை ஓடவிட்டு, "இதோ, மாதவியின் யாழ்" என்றேன். குரலில் கொஞ்சம் உருக்கத்தையும் சேர்த்துக்கொண்டேன். விளம்பர இடைவேளையில் தொலைபேசி அடித்தது. கிள்ளானிலிருந்து ஒரு பெரியவர்.

"அம்மா, நீங்க போட்டது வீணை. யாழ் இல்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். கணக்கில் தப்புவிட்ட பிள்ளையிடம் வாத்தியார் பேசுவதுபோல் பொறுமையாகச் சொன்னார். "அப்படின்னா யாழ் எப்படி ஒலிக்கும், ஐயா?" என்று கேட்டேன். சிரித்தார். "அது எனக்கும் தெரியாதே, அம்மா. நான் எங்க கேட்டேன்?"

இரண்டு வருடம் ஆகிவிட்டது. இந்த ஆண்டு வேலையோடு வேலையாக முதுகலை ஆய்வுக்குப் பதிந்துகொண்டபோது, தலைப்பு கேட்ட பேராசிரியரிடம் சற்றும் யோசிக்காமல் "யாழும் அதன் இசையும்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எந்த யாழ்? எந்த இசை? எந்தக் காலம்? யாரிடம் போய்க் கேட்கப் போறீங்க? பாட்டு வாசிக்கிறவங்க ஒருத்தரும் உயிரோட இல்ல." ஊடகம் படித்த பெண் இசையியலில் என்ன செய்யப்போகிறாள் என்ற கேள்வியும் அதற்குள் இருந்தது. தலைப்புப் படிவம் கொடுக்க இரண்டு வாரம். அதற்குள் ஒழுங்கான தலைப்பு வராவிட்டால் அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் நான் விட்டுவிடுவேன் என்பது எனக்குத் தெரியும். வேலை, வீடு, பிள்ளை என்று காரணங்கள் வரிசையில் நிற்கின்றன.

எனவே சனிக்கிழமை காலையில் பசியாறிவிட்டு பிரிக்பீல்ட்ஸுக்குக் கிளம்பினேன். நூலகத்துக்குப் போகும் முன், யாழ் என்ற சொல் நம் ஊரில் எங்கெல்லாம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று நடந்து பார்க்க வேண்டும்போல் இருந்தது.

கே.எல். சென்ட்ரலில் இறங்கித் துன் சம்பந்தன் சாலைக்கு வந்தால் பூக்கடை, புடவைக்கடை, வடை வாசனை, ஒலிபெருக்கியில் பாட்டு. இந்தச் சாலையில் ஆயிரம் முறை நடந்திருக்கிறேன். பெயரை அன்றுதான் யோசித்தேன். சாலை ம.இ.கா. தலைவராக இருந்த துன் சம்பந்தனின் பெயரில் இருக்கிறது. அந்தப் பெயர் தேவாரம் பாடிய திருஞானசம்பந்தரிடமிருந்து வந்த பெயர். சம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் அவர் பாட்டை யாழில் வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்தில் யாழ்ப்பாணரின் உறவினர்கள், பாட்டின் பெருமைக்குக் காரணமே யாழ்தான் என்று பேசினார்களாம். யாழ்ப்பாணருக்கே அது பொறுக்கவில்லை. யாழில் அடங்காத ஒரு பாட்டைப் பாடும்படி சம்பந்தரிடம் கேட்டார். அவர் பாடினார். யாழ்ப்பாணரால் வாசிக்க முடியவில்லை. யாழை உடைக்கப் போனவரைச் சம்பந்தர்தான் தடுத்தார். அந்தப் பதிகத்துக்கு யாழ்முரி என்று பெயர். தோற்றுப்போன ஒரு வாத்தியத்தின் பெயர் பாட்டுக்கே நிலைத்துவிட்டது. எனக்கு இந்தக் கதையில் பிடித்தவர் யாழ்ப்பாணர்தான். தன் வாத்தியத்தின் எல்லை தெரிந்த கலைஞர்.

அங்கிருந்து ஸ்காட் சாலைப் பக்கம் திரும்பினால் கந்தசுவாமி கோவில். ரயில்வேயில் வேலை பார்க்க வந்த இலங்கைத் தமிழர்கள் கட்டியெழுப்பிய கோவில். குமாஸ்தாக்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் வந்தவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அந்த ஊரின் பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள்: கண் தெரியாத பாணன் ஒருவன் மன்னன் முன் யாழ் வாசித்துப் பரிசாக ஒரு மணல்வெளியைப் பெற்றான், அதுவே யாழ்ப்பாணம் ஆனது என்று. வரலாற்றாசிரியர்கள் இதை அப்படியே ஏற்பதில்லை. ஆனாலும் கோவில் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் "உங்க ஊர்ப் பெயர்ல இருக்கிற யாழ் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். கைகளால் வளைவாக ஒரு வடிவம் வரைந்து காட்டினார். "சத்தம்?" என்றேன். கொஞ்சம் யோசித்து, "வீணை மாதிரித்தான் இருக்கும், பிள்ளை" என்றார்.

இன்னொரு இடத்திலும் அந்தச் சொல் இருக்கிறது. அது எனக்கு எதிர்பாராத இடம். பிரிக்பீல்ட்ஸில் தமிழ் லூத்தரன்களின் சீயோன் ஆலயமும் உண்டு, கத்தோலிக்கர்களின் பாத்திமா மாதா தேவாலயமும் உண்டு. என்னோடு வேலை செய்யும் இருவர், ஒருவர் லூத்தரன், மற்றவர் கத்தோலிக்கர். தாவீது அரசன் வாசித்தது என்ன என்று இருவரையும் கேட்டுப் பாருங்கள். பழைய மொழிபெயர்ப்பு படித்து வளர்ந்தவர் சுரமண்டலம் என்பார். கத்தோலிக்கர்களின் பொது மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் யாழ் வருகிறது. அதாவது இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் யாழ் என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்லும் தமிழர்களில் திருப்பலியில் நிற்பவர்களும் உண்டு. தமிழ் வகுப்பில் சங்க இலக்கியத்தோடு மட்டுமே யாழைச் சேர்த்துப் படித்த எனக்கு இது புதிதாக இருந்தது. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

மதியம் வெயில் ஏறியது. ரயில் நிலையத்துக்குத் திரும்பும் நடைபாதையில் ஒருவர் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தார். பார்வையற்றோர் சங்கம் இந்தப் பகுதியில் இருப்பதால், வெள்ளைக் கோலோடு நடப்பவர்களையும் பாட்டு வாசிப்பவர்களையும் இங்கே எல்லாருக்கும் தெரியும். பழைய சினிமாப் பாட்டொன்றை முடித்தார். "நல்லா இருக்கு அண்ணே" என்றேன். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"வானொலித் தங்கச்சிதானே?"

குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். யாழில் ஒவ்வொரு நரம்புக்கும் ஒரே சுரம்தான். வீணையில் மாதிரி இருபத்துநான்கு மெட்டுகளில் விரலை அழுத்தி ஒரே தந்தியில் பல சுரம் எடுக்க வழியில்லை. "பிறகு எப்படி அத்தனை பண்ணையும் வாசிச்சாங்கன்னுதான் புரியல" என்றேன்.

அவர் கீபோர்டைத் தடவினார். "எனக்குக் கறுப்பு வெள்ளை கிடையாது. மேட்டுக்கட்டை, பள்ளக்கட்டை, அவ்வளவுதான். மேட்டுக்கட்டையைத் தொடாம வாசிக்கிறேன், கேளுங்க." ஒரு கட்டையில் தொடங்கி ஏழு சுரம் ஏறி இறங்கினார். அரிகாம்போதி. அடுத்த கட்டையைச் சட்ஜமாக வைத்துக்கொண்டு அதே ஏழு கட்டைகளை வாசித்தார். நடபைரவி. ஒன்றைத் தாண்டி அதற்கடுத்ததிலிருந்து சங்கராபரணம். பிறகு கரகரப்பிரியா, தோடி, கல்யாணி. ஒரு கட்டையும் புதிதாகச் சேரவில்லை. தொடங்கும் இடம் மட்டும் மாறியது. "நடுவுல ஒண்ணைத் தாண்டிட்டீங்களே?" என்றேன். "அதுல பஞ்சமம் வராது. நொண்டும்" என்று சொல்லி, அதையும் வாசித்துக் காட்டினார். நிஜமாகவே நொண்டியது.

நடைபாதையில் நின்றபடி எனக்கு உடம்பு சிலிர்த்தது என்று எழுதினால் மிகை. ஆனால் பத்து வெள்ளியைப் பெட்டியில் போட்டுவிட்டு வேகமாக ரயிலேறி, மலாயாப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனது உண்மை.

நான் தேடிப் போனது விபுலானந்த அடிகளின் 'யாழ் நூல்'. அடிகள் 1892இல் இலங்கையின் காரைதீவில் பிறந்தவர், அறிவியல் பட்டதாரி. ராமகிருஷ்ண மடத்தில் துறவியானார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவர்தான். பதினான்கு ஆண்டு ஆராய்ச்சியில் உருவான நூல் என்று சொல்வார்கள். 1947 ஜூன் மாதம் தமிழ்நாட்டில் திருக்கொள்ளம்பூதூர்க் கோவிலில் அரங்கேறியது; கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. அவர் கணக்கிட்டு வடிவமைத்த வாத்தியங்களையும் அன்று ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். அடுத்த மாதம் 19ஆம் தேதி அடிகள் காலமானார்.

நூலின் இயல்களில் ஒன்றுக்குப் பெயர் பாலைத்திரிபியல். திறந்து படித்தால், நடைபாதை அண்ணன் வாசித்துக் காட்டிய அதே வேலை. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு நரம்புகள். எந்த நரம்பைக் குரலாக, அதாவது ஆதார சுரமாக, எடுக்கிறோமோ அதற்கேற்பப் பாலை மாறும். செம்பாலை என்பது இன்றைய அரிகாம்போதி என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். அதிலிருந்து படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை என்று போகும் வரிசையில், நொண்டியது செவ்வழிப்பாலை. ஆனால் அடிகள் இதை அலகுகளாலும் பின்னங்களாலும் விளக்குகிறார். பக்கம் பக்கமாகக் கணக்கு. எஸ்.பி.எம். தேர்வில் கணக்கோடு எனக்கு இருந்த உறவு நல்ல உறவு இல்லை. மூன்றாவது பின்னத்தில் நூலை மூடினேன். யாழின் சுரக்கணக்கு என்ற தலைப்பு அந்த மேசையிலேயே கழிந்தது.

யாழின் உடலைப் பற்றி எழுதலாமா என்று அடுத்து யோசித்தேன். பொருநராற்றுப்படையில் புலவர் யாழைப் பகுதி பகுதியாகப் பார்க்கிறார். பத்தர் என்ற அடிப்பெட்டி மானின் குளம்பு பதிந்த தடம்போல இரண்டு பக்கமும் தாழ்ந்து நடுவில் உயர்ந்திருக்கும். போர்த்திய தோலுக்கு விளக்குச் சுடரின் நிறம். துளைகளை அடைத்த ஆணிகள் வளையில் வாழும் நண்டின் கண்கள். பெரும்பாணாற்றுப்படையில் மாடு மேய்க்கும் இடையன் குமிழ மரக்கொம்பை வளைத்து, மரல் நாரைக் கட்டித் தானே ஒரு வில்யாழ் செய்துகொள்கிறான். இத்தனை துல்லியமாக எழுதி வைத்தவர்கள் ஒலியைப் பதிவு செய்ய முடியாத காலத்தில் வாழ்ந்தார்கள். வானொலிக்காரிக்கு இது பெரிய வருத்தம்.

அந்த வடிவத்தில் இன்றும் வாத்தியம் இருக்கிறதா? இருக்கிறது. மியன்மாரின் சவுங் கவுக். படகு போன்ற பெட்டி, மேலே தோல், வளைந்து எழும் கழுத்து, பதினாறு நரம்புகள். இப்படிப்பட்ட வளைந்த யாழ்கள் ஜாவாவின் போரோபுதூர்ச் சிற்பங்களில் உண்டு. குப்த மன்னன் சமுத்திரகுப்தன் தன் பொற்காசில் மடியில் வைத்து வாசிப்பதும் இந்த வகைதான். எங்கள் அடுக்குமாடிக் கீழே உள்ள உணவகத்தில் தே தாரிக் ஆற்றும் மியன்மார்த் தம்பியிடம் கைப்பேசியில் ஒலியை மட்டும் போட்டேன். படம் காட்டவில்லை. இரண்டு வினாடிகூட ஆகவில்லை, "சவுங்!" என்றான். அவன் ஊர்ப் பெயர் சொல்லும் முகம் அது. அவனுக்கு இருந்த அந்த இரண்டு வினாடி நமக்கு இல்லையே என்று பட்டது. தலைப்பின் நுனி அங்கேதான் கையில் மாட்டியது என்று நினைக்கிறேன்.

மேற்கத்திய ஹார்ப்பையும் விடவில்லை. இரட்டைக் கோபுரத்துக்குள் இருக்கும் பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கில் மலிவான இருக்கையில் உட்கார்ந்து ஒரு மாலை கேட்டேன். நாற்பத்தேழு நரம்பு, ஏழு மிதி. இதிலும் நரம்புக்கு ஒரு சுரம்தான். சுரத்தை அரையளவு ஏற்றி இறக்கும் வேலையைக் கால் செய்கிறது. யாழ்ப்பாணரிடம் ஏழு மிதி இருந்திருந்தால் தருமபுரத்துக் கதை வேறு மாதிரி முடிந்திருக்குமோ என்னவோ. சென்னையில் தருண் சேகர் என்ற இளைஞர் பழைய குறிப்புகளை வைத்து யாழை மறுபடி உருவாக்கி வாசித்து வருகிறார்; அதன் பதிவுகளும் இணையத்தில் கிடைத்தன. ஆக, வீணை, சவுங், ஹார்ப், புதிய யாழ் என்று நான்கு ஒலிகள் கைப்பேசியில் சேர்ந்தன.

படிவம் கொடுக்க நான்கு நாள் இருந்தபோது கிள்ளான் பெரியவரை அழைத்தேன். அவர் எண்ணை அன்றே குறித்து வைத்திருந்தேன். "வாங்கம்மா, வீட்டுக்கு" என்றார்.

கே.எல். சென்ட்ரலிலிருந்து கம்யூட்டர் ரயிலில் கிள்ளானுக்கு ஒரு மணி நேரப் பயணம். வழியில் அங்காசாபுரி. அந்த வானொலி மாளிகையிலிருந்து வந்த தமிழ்க் குரல்களைக் கேட்டுத்தான் என் பாட்டி தமிழ் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டார். சுபாங் ஜெயா, ஷா ஆலாம், பாடாங் ஜாவா தாண்டிக் கிள்ளான். தெங்கு கிளானா சாலையில் முறுக்கும் கொஞ்சம் மல்லிகையும் வாங்கிக்கொண்டு ஒரு வாடகைக் கார் பிடித்தேன்.

பெரியவர் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு காதிலும் செவிப்பொறி. "இப்பல்லாம் மெல்லிய சத்தம் பிடிபடறதில்ல. உங்க நிகழ்ச்சியே பாதி ஊகம்தான்" என்றார். அன்று வீணையை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். "தந்தியை இழுத்துக் குழைச்சாங்களே, அந்தக் கமகம். நரம்புக்கு ஒரு சுரம்னா அப்படிக் குழைக்க முடியுமா?" காதில் பாதி போனாலும் மீதிப் பாதி என் இரண்டு காதைவிடக் கூர்மை.

நான்கு ஒலிகளையும் பெயர் சொல்லாமல் போடுகிறேன், யாழ் எது என்று சொல்லுங்கள் என்றேன். கைப்பேசியை ஒரு சின்ன ஒலிபெருக்கியோடு இணைத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். இரண்டாவதை இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு விரலைத் தூக்கினார். "இதுதான். சந்தேகமே இல்ல."

இரண்டாவது, மியன்மாரின் சவுங்.

சொன்னதும் முகம் சற்று வாடியது. பிறகு அவரே சிரித்தார். சமையற்கட்டிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்து, "முதல்ல போட்டது யாழ் இல்லையா? சினிமாவுல யாழைக் காட்டினா அந்தச் சத்தம்தானே வரும்!" என்றார். முதலாவது வீணை. "அதான் உங்க ஆளுங்க செஞ்ச வேலை" என்று பெரியவர் என்னைப் பார்த்தார். உங்க ஆளுங்க என்றால் வானொலி, சினிமா, தொலைக்காட்சி எல்லாம் சேர்த்து. மறுக்க முடியவில்லை. குற்றவாளிகளில் ஒருத்தி அவர் வீட்டு முறுக்கையே தின்றுகொண்டிருந்தேன். நான் வாங்கிப்போனது பிரிக்கப்படாமல் மேசையில் இருந்தது.

"சென்னைப் பிள்ளை செஞ்சது எது?" என்று கேட்டார். நான்காவது என்றேன். மறுபடி கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது பழைய யாழோட சத்தம்தான்னு அந்தப் பிள்ளைக்கு மட்டும் எப்படித் தெரியும்? அவரையும் குறை சொல்ல முடியாது. யாராவது ஒருத்தர் துணிஞ்சு செஞ்சாத்தானே." இதையெல்லாம் அவர் அனுமதியோடு பதிவு செய்துகொண்டேன்.

ரயிலில் திரும்பும்போது படிவத்தைக் கைப்பேசியிலேயே நிரப்பினேன். 'யாழ் என்ற சொல்லும் கேட்கப்படும் ஒலியும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ் வானொலி நேயர்களிடையே ஓர் ஆய்வு.' நான்கு ஒலிகள், ஒரே கேள்வி, அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று ஓர் உரையாடல். கோவில், தேவாலயம், தமிழ்ப்பள்ளி, இசைப்பள்ளி என்று நான்கு இடத்துக் காதுகள். சங்க காலத்துக்குள் நான் போகவில்லை. அதற்குத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் படித்தது ஊடகம். ஒரு சொல்லுக்கு வேறொரு ஒலியை ஒட்டியது ஊடகம் என்றால், அது எப்படி ஒட்டியது என்று கேட்பது என் துறைக்குள் வரும். பேராசிரியருக்கு அனுப்பினேன். பாடாங் ஜாவா தாண்டுவதற்குள் பதில் வந்தது: "இது செய்யலாம். எத்தனை பேரைக் கேட்பீங்க?"

ஐம்பது என்று எழுதினேன். இரண்டு பேர் முடிந்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

வரும்போது பெரியவர் தன் அலமாரியிலிருந்து 'யாழ் நூல்' பிரதியை எடுத்துக் கொடுத்தார். பழுப்பு அட்டை போட்டு, முதுகில் பேனாவால் பெயர் எழுதியது. பென்சில் அடிக்கோடுகள் பாலைத்திரிபியலில் நின்றுவிட்டன. அவரும் மூன்றாவது பின்னத்தைத் தாண்டவில்லைபோலும். "பொங்கலுக்குள்ள திருப்பித் தரணும்" என்றார். வாசல்வரை வந்து, "ஐம்பது பேரையும் கேட்டு முடிச்சதும் எனக்கு முதல்ல போன் பண்ணுங்க. சத்தமாப் பேசுங்க" என்றார்.